கேஸ் டாக்டர்

தாராவித் தோல்கிடங்குச் சந்திலிருந்த பொதுச் சமையலறைக்குள் காலெடுத்து வைக்கும்போதே டாக்டர் வேங்கடசுப்ரமணியன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

அழுகிய முட்டை நாற்றம்.

அவர் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. மாட்டுங்காக்காரர், ரசாயனப் பேராசிரியர். தோல்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் சர்க்கார் ஆராய்ச்சி தேறுமா தேறாதா என்று, ஒட்டும் உறவும் இல்லாத வெளியாளாகப் பார்த்துச் சொல்ல வந்தவர். அவர் சரி என்றால் இதே அடுப்பு இன்னும் பல சந்துகளுக்கு வரும்.

யாரோ ஒரு புண்ணியவான், "கேஸ் டாக்டர் வாறாரு" என்று சொல்லி வைத்துவிட்டான். போதாதா?

வெளியே அடைமழை. ஜன்னல்களைத் தார்ப்பாய் மூடியிருந்தது. சந்தே உள்ளே வந்து அவர் முன்னால் வரிசை கட்டிவிட்டது. ஆளுக்கொரு வயிறு, ஆளுக்கொரு ஏப்பம்.

அந்த கேஸ் வேறு, இந்த கேஸ் வேறு என்று தொண்டை வற்றச் சொன்னார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, மொச்சைக்கொட்டை தின்னலாமா என்றார் ஒரு பெரியவர்.

கத்துவதற்குக் கைக்குட்டை இடைஞ்சல். சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு கத்தினார். வரிசை அசையவில்லை.

திட்டத்து எஞ்சினியர் நாணு நடுவில் புகுந்து அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினார். நீலச் சுடர், நிதானமாக எரிந்தது. அப்பாடா, கையெழுத்தைப் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கலாம். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அதற்கும் விடவில்லை. நாள் முழுக்க அங்கேயே சமைக்கிற ராபியா குறுக்கே வந்து நின்றாள். கண்ணிரண்டும் கோவைப்பழம். தலை கிறங்குகிறதாம், குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லையாம், ஒரே ஒரு மாத்திரை எழுதித் தரணுமாம்.

நான் அந்த டாக்டர் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு தூரம் மழையில் வந்த மனுஷர், ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லி அனுப்புவோம் என்று நினைத்தாள் போல.

"போட்டும்யா. ஒங்க கேஸு நல்ல கேஸுதான். மொதல்ல கொடலப் பொரட்டும். இப்பம் ஒரு நாத்தமும் இல்ல பாருங்க."

நாணுவின் முகமெல்லாம் சிரிப்பு.

காகிதத்தைத் தொட்ட பேனா அப்படியே நின்றது.

அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு முதலில் மூக்கைத் துளைக்கும்; மிஞ்சினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். வருஷா வருஷம் அவர் வகுப்பில் நடத்துகிற பாடம்.

மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தார்.

கைக்குட்டை சட்டைப்பையில்தான் இருந்தது. நாற்றமே இல்லை.

"அடுப்பை அணையும், நாணு. எல்லாரும் வெளியில வாங்கோ," என்றார். பிறகு ராபியாவின் பக்கம் திரும்பினார். "நான் அந்த டாக்டர்தாம்மா."

மாத்திரை கிடைக்கும் என்ற நம்பிக்கையில், வரிசை கலையாமல் அவர் பின்னாலேயே மழையில் இறங்கியது.