சன்னக் குரலுக்கு ஒன்று

"போன்லயே பதிஞ்சுக்கலாமேக்கா. இதுக்குன்னு தனியா ஒண்ணு எதுக்கு?" என்று கேட்டாள் கடைக்காரி அப்ராஃபி.

"போன்ல எதை வேணாலும் வெட்டி ஒட்டலாம்னு என் நாத்தனாருங்க சொல்லுவாங்க. தனி ரெக்கார்டர்னா கொஞ்சமாவது நம்புவாங்க" என்றாள் செர்வா.

கானாவின் குமாசி நகரக் கடைவீதியில் காலையிலிருந்து இது மூன்றாவது கடை. செர்வாவுக்குக் கால் வீங்கியிருந்தது. கூட வந்த ஒடுரோ வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மழிக்காத முகம், தூங்காத கண்கள்.

அப்ராஃபி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டு விஷயமா?"

செர்வா தலையசைத்தாள். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. அவர்கள் வழக்கப்படி, ஆண் கட்டிய வீடு அவனுடைய தாய்வழிச் சொந்தத்துக்குப் போகும். சாவதற்கு முன் அவனே வாய் திறந்து வேறு மாதிரி சொன்னால்தான் உண்டு. சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள். குடும்பக் கூட்டத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

"எழுதி வாங்கியிருக்கலாமே?"

"எழுதினா சீக்கிரம் செத்துப்போயிடுவோம்னு பயம். இந்த வீடு உனக்குத்தான், உனக்குத்தான்னு இருபத்திரண்டு வருஷம் வாயால சொன்னதோட சரி. அதுவும் என்கிட்ட மட்டும்."

சாப்பிடும்போதுதான் சொல்வார். சூப் ஆறுகிறது, முதலில் சாப்பிடுங்கள் என்பாள் அவள். ஒரு நாளாவது பக்கத்து வீட்டுக்காரியை அழைத்து உட்கார வைத்திருக்கலாம். அந்த வீட்டுக்காகச் சிமெண்ட் கற்களைத் தலையில் சுமந்தவள், இதைச் செய்யவில்லை. அதை நினைத்துத் தன்மேல் கோபப்படக்கூட இப்போது தெம்பில்லை.

"சனிக்கிழமை கூடுறாங்க. பெரிய நாத்தனார் இப்பவே சாவியைக் கேக்கறாங்க."

"குடும்பத்துல உங்களுக்காகப் பேச ஒருத்தர்கூட இல்லையா?"

"ஒருத்தன் பேசினான்" என்றார் ஒடுரோ நாற்காலியிலிருந்தே. "யாரும் காதுல வாங்கல."

அப்ராஃபி மூன்று ரெக்கார்டர்களை எடுத்து வைத்தாள். "இந்த வெள்ளிக் கலர் பத்திரிகைக்காரங்க வாங்குறது. இது பாஸ்டருங்களுக்கு. கத்துனா பிரமாதமாக் கேக்கும், முனகுனா ஒண்ணும் கேக்காது. இந்தக் கறுப்பு இருக்கே, மூச்சு விடுறதைக்கூடப் பிடிச்சிடும். ஐயா, ஏதாவது பேசுங்க பாப்போம்."

ஒடுரோ எழுந்து வந்தார். "இந்த வீட்டைச் செர்வாவுக்குத்தான் குடுக்கறேன்."

"இன்னும் மெதுவா" என்றாள் செர்வா. "படுத்துக்கிட்டுப் பேசற மாதிரி. நடுநடுவுல மூச்சு வாங்கணும்."

"அவரை ஏன்க்கா இந்த விரட்டு விரட்டறீங்க? கடை நடுவுல பாயா விரிக்க முடியும்?"

ஒடுரோ லேசாகச் சிரித்தார். பிறகு மேஜைமேல் குனிந்து, அதே வார்த்தைகளைத் திக்கித் திணறி, பாதி மூச்சில் சொன்னார்.

செர்வா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்களை மூடினாள். அதே குரல். கடைசி எழுத்தை இழுத்து விடும் அதே விதம். அவள் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் செருமல். காதுக்குள் இவ்வளவு பக்கத்தில் அது வந்து நிற்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு முறை கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் இன்று எழுந்து நடக்க முடியாது என்றும் தோன்றியது. கழற்றி வைத்தாள்.

அப்ராஃபி ஒரு காகிதக் கைக்குட்டையை நகர்த்தினாள். "அழாதீங்கக்கா. ஆள் கல்லு மாதிரிதான் இருக்காரு. நாலு நாள் கோழி சூப் வச்சுக் குடுங்க, தேறிடுவாரு."

ஒடுரோ தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"இதுல தேதி எப்படி?" என்று கேட்டாள் செர்வா.

"வெள்ளிக் கலர்ல கம்ப்யூட்டரைப் பாத்து அதுவே போட்டுக்கும். கறுப்புல நாமதான் பட்டனை அமுக்கி வைக்கணும். அந்த ஒரு தொல்லைதான்."

"கறுப்பே குடுங்க."

"இன்னிக்குத் தேதியை வச்சுக் குடுத்துடவா?"

"வேண்டாம்மா. நான் வச்சுக்கறேன்."

வெளியே வெயிலில் கண் கூசியது. வேன்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் நிறுத்தம்வரை நடந்தார்கள். வீட்டுப் பக்கம் போகும் வேன் வந்தது. ஒடுரோ ஏறவில்லை.

"என்ன?" என்றாள் செர்வா.

"பதியறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிணவறைக்குப் போயிட்டு வந்துடலாம், அண்ணி" என்றார் ஒடுரோ. "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்."