பதினான்கு நாள் கவனிப்பு

“எங்க பக்கம் ஒருத்தருக்கும் இந்தக் குறை கிடையாது. எல்லாம் இவ கொண்டு வந்தது.”

பாளையங்கோட்டையில் குழந்தை வளர்ச்சி ஆலோசனை மையத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பிரம்மநாயகி சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அவர் பைய பேசினாலே நாலு பெஞ்சுக்குக் கேட்கும்.

மருமகள் சித்ரலேகா வாய் திறக்கவில்லை. ஏழு வருஷமாக அந்த வீட்டில் அவள் அப்படித்தான் இருந்தாள். மூடிய வாய்க்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது யாருக்கும் கேட்டதில்லை.

அவள் மகன் கணேஷ்ராம் ஒன்றாம் வகுப்பு. சட்டைக்குப் பித்தான் போட வராது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். “ரெண்டு வாரம் வீட்டுல கவனிச்சு இதுல எழுதுங்க. பரிசோதனை வேணுமா வேண்டாமான்னு மையத்துல சொல்லுவாங்க” என்று வகுப்பு டீச்சர் ஒரு படிவம் கொடுத்தார். சித்ரலேகாவுக்கு அதில் வருத்தமே இல்லை. பிள்ளைக்கு என்ன உதவி வேண்டுமோ அது கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்தாள்.

மாமியார் விடுவாரா? தச்சநல்லூர் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து நின்றார்.

“குறைன்னு எழுத்துல வரட்டும். தாயையும் பிள்ளையையும் கல்லிடைக்குறிச்சிக்கே வண்டி ஏத்தி விடுதேன். அவ அப்பன் வீட்டுல வச்சு வளக்கட்டும்.”

சித்ரலேகா கணவனைப் பார்த்தாள். குருபிரசாத் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். “இன்னொரு படிவம் வேணும். ஒண்ணு பத்தாது டீச்சர்.” பதினான்கு நாளும் அடுப்படியில் நின்றபடியே எழுதினாள். இரண்டும் நிரம்பின.

மையத்துக்கு முதல் தடவை பெரியவர்கள் மட்டும் வந்தால் போதும் என்றார்கள். குருபிரசாத்தும் வருவதாகத்தான் பேச்சு. காலையில் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு, “இன்னைக்கா அது? மறந்தே போச்சு. அம்மாவக் கூட்டிட்டுப் போ” என்றான்.

“அவனுக்கு ஆயிரம் சோலி” என்றார் பிரம்மநாயகி. தீர்ப்பைக் காதால் கேட்க அவருக்கும் ஆசைதான்.

ஆலோசகர் யூனிஸ் உள்ளே கூப்பிட்டார். சித்ரலேகா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். யூனிஸ் வாய்விட்டே வாசித்தார்.

“மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புறான். கையில போன் இருந்தா அதுவும் இல்ல.”

“வாஸ்தவம்” என்றார் பிரம்மநாயகி.

“குளிச்ச ஈரத் துண்டைக் கட்டில்லயே போடுறான். சாக்ஸ் எங்க இருக்குன்னு தெரியாது, தினமும் எடுத்துக் கையில கொடுக்கணும்.”

“அத நானே எத்தனை தடவை எடுத்துக் கொடுத்திருக்கேன்!”

“குழம்பு பிடிக்கலன்னா தட்டைத் தள்ளிட்டு எழுந்திருச்சிடுறான். கடைக்கு மூணு சாமான் வாங்கப் போனா ஒண்ணோட வர்றான்.”

“அதே கதைதான், மேடம். சொல்லி மாளாது.”

யூனிஸ் கடைசி வரிக்கு வந்தார். “கஷ்டமான பேச்சு வந்தா வாயே திறக்கிறதில்ல. பெரியவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்.”

“எம் முகத்தத்தான் பாக்கான்!” பிரம்மநாயகியின் குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. “எல்லாத்துக்கும் எம் முகத்தப் பாத்துத்தான் நிப்பான்.”

சித்ரலேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா? அப்பாவுக்கு?” என்று கேட்டார் யூனிஸ்.

“எம் மகனுக்கா! நல்லா கேட்டீங்க. ஆறு வயசுலயே பேப்பர் படிச்சவன் அவன். இது அத்தனையும் தாய்வழி மேடம், எழுதிக்கோங்க.”

“எழுதினது எல்லாம் நீங்களும் பார்த்ததுதானே? அப்போ கீழே ஒரு கையெழுத்துப் போடணும்.”

கேட்டு முடிக்கும் முன்பே பிரம்மநாயகி பேனாவை வாங்கிவிட்டார். முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்திட்டு, அதன் கீழே ‘ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை’ என்றும் எழுதி ஒரு கோடு இழுத்தார். சித்ரலேகா அந்தக் கோடு முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூனிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஒண்ணு ரெண்டுன்னா வளர வளரச் சரியாகும்னு பொறுத்துப் பார்க்கலாம்மா. இத்தனையும் தினமும் நடந்து, வீட்டுல மத்தவங்க பாடும் கஷ்டமாகுதுன்னா, கட்டாயம் பரிசோதனை பண்ணிடணும். குறை சொல்றதுக்கு இல்ல, என்ன உதவி செய்யலாம்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தான்.”

பிரம்மநாயகி மருமகள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “கேட்டியாட்டி? கட்டாயம்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்குப் போனதும் பெட்டியக் கட்டு.”

“கட்டிருவோம் அத்தை” என்றாள் சித்ரலேகா.

யூனிஸ் படிவத்தை மறுபடி பார்த்தார். “என்னம்மா, பையனோட வயசை எழுதலையே?”

“ஆறு” என்றார் பிரம்மநாயகி அவசரமாக.

சித்ரலேகா நிமிர்ந்து மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“ஆறு உங்க பேரனுக்கு, அத்தை. இந்தத் தாள்ல இருக்கவுகளுக்கு முப்பத்தெட்டு.”