ரெண்டு கன்னு குறையுது

"பத்துக் கன்னு சேராம குப்பியைத் திறக்க மாட்டேன். இங்க எட்டுதான் நிக்குது."

கால்நடை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

வரிசையில் கடைசியாக நின்றவள் தன் கன்றுகளைப் பார்த்தாள். அவளிடம் இருப்பதே ரெண்டு கன்று. பக்கத்துத் தெருப் பண்ணையில் பத்து நாளாக ஒரே இருமல். மூக்கு ஒழுகி, மூச்சு இழுத்து, நாலு கன்று போய்விட்டது. ஏதோ வைரஸாம், காற்றிலேயே பரவுமாம்.

"டாக்டரம்மா, இருக்கிற எட்டுக்காவது விடுங்களேன்."

"இது மூக்குல விடுற தடுப்பு மருந்தும்மா. தூளைக் கலக்கிட்டா ஒரு மணி நேரந்தான் தாங்கும். ஒரு குப்பி பத்துக் கன்னுக்கு. மிச்சத்தைக் கீழ கொட்டவா? எல்லா இடத்துலயும் மருந்து இல்லாம அல்லாடறாங்க."

"அடுத்து எப்ப வருவீங்க?"

"ரெண்டு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் என் கன்னுங்க இருக்குமா?"

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அரை மணி நேரம் பாக்கறேன்" என்றார்.

"உன் பக்கத்து வீட்டுலயே ரெண்டு கன்னு நிக்குதே" என்றார் பால்காரர்.

எல்லோரும் அவரை முறைத்தார்கள். பக்கத்து வீடு அவளுடைய கூடப் பிறந்த அண்ணன் வீடு. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கொட்டகை கழுவுகிற தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்பதில் ஆரம்பித்த சண்டை.

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றவள், புருஷனைப் பார்த்தாள். அவருக்கு அது உத்தரவு. போனார்.

போன வேகத்தில் திரும்பியும் வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"'என் கன்னுங்களுக்கு வேணாம் மச்சான்'னாரு."

"ரெண்டு குறையுதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அவளும் வரிசையில நிக்கறாளா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டாரு."

அவளுக்கு வந்ததே கோபம்.

"பாத்தீங்களா? தன் கன்னு செத்தாலும் பரவாயில்ல, என் கன்னு பொழைச்சிடக் கூடாது. ஒரே வயித்துல பொறந்தோம்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு."

"ரத்தபாசமெல்லாம் அந்தக் காலம்" என்றார் பால்காரர். வரிசையே ஆமோதித்தது.

அரை மணி நேரம் ஆனது. டாக்டரம்மா ஐஸ் பெட்டியை மூடி வண்டியில் வைத்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்னக் கன்றின் கழுத்தைத் தடவியபடி நின்றாள்.

அப்போது அண்ணன் வந்தார். ஒரு கையில் ஒரு கயிறு, மறு கையில் இன்னொரு கயிறு. தங்கச்சி நிற்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வரிசையின் முன்னால் போய் நின்றார்.

"எனக்கு வேலை கெடக்கு. முதல்ல இதுங்களுக்கு விடுங்க."

"பாருங்க நியாயத்தை" என்றாள் தங்கச்சி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அப்ப வேணாம்னவரு, டாக்டரம்மா கிளம்பினதும் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றாரு. வந்ததும் முதல் மரியாதை வேற வேணுமாம். சரியான சுயநலம்."

"விடேன். பத்து ஆயிடுச்சுல்ல" என்றார் புருஷன்.

"அதுக்காக? சொல்றதைச் சொல்லத்தான் செய்வேன்."

அண்ணன் கன்றுகளை டாக்டரம்மா பக்கம் இழுத்து நிறுத்தினார்.

டாக்டரம்மா பெட்டியை மறுபடி இறக்கினார். கன்றுகளின் காதில் மாட்டியிருந்த வில்லைகளின் எண்களைச் செல்போனில் தட்டினார். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"இந்த ரெண்டுக்கும் போன வாரமே பெரிய ஆஸ்பத்திரியில மருந்து விட்டிருக்குன்னு காட்டுதே?"

"ஆமா. நான்தான் ஓட்டிட்டுப் போனேன். இன்னொரு தடவை விட்டா தப்பா?"

"தப்பில்ல. ஆனா தேவையே இல்லையே. அப்புறம் எதுக்கு இங்க ஓட்டிட்டு வந்தீங்க?"

அண்ணன் குனிந்து, டாக்டரம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா. அவளுக்காக வந்தேன்னு தெரிஞ்சா, மருந்தே வேணாம்னு கன்னுங்களை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவா."