கூரை வைத்ததா, இல்லாததா?

"சார்... சார்! பட்டன்லருந்து கையை எடுங்க! என் டை மாட்டிக்கிச்சு!"

கார் வாங்க வந்த ஓய்வு பெற்ற டிரைவர் பதறிப்போய்க் கையை எடுத்தார். எடுத்ததுதான் தப்பு. மூடி முடிக்கப்போன கூரை அப்படியே நின்றுவிட்டது. கூரைக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய டையோடு, விற்பனையாளர் காருக்குள் எட்டிப் பார்த்தபடி குனிந்து நின்றார்.

"இப்ப மறுபடி அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க சார். ஆனா அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!"

டை ஒருவழியாக விடுபட்டது. நுனி மட்டும் மிதிபட்ட வாழைப்பழத் தோல் மாதிரி ஆகியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க தம்பி. நான் ஓட்டின வண்டியில கூரை தன்னால நகராது."

ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, ஓட்டி அலுத்த ஸ்போர்ட்ஸ் கார்களை விற்கிற கடை அது. ஒரே கம்பெனியின் இரண்டு சிவப்புக் கார்கள் அருகருகே நின்றன. ஒன்று கூப்பே, கூரை நிரந்தரம். இன்னொன்று கன்வர்டிபிள், பட்டனை அமுக்கினால் கூரை மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அமுக்கத் தெரிந்தவர் அமுக்கினால்.

"அப்பா, போதும். வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் மகள். "அறுபத்திரண்டு வயசுல ரெண்டே பேர் உக்கார்ற சிவப்புக் காரு! ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே! முப்பது வருஷமா என் வண்டியைப் பாத்து ஒருத்தன்கூடச் சிரிச்சதில்ல."

"முட்டி வலிக்குதுன்னு மாடிப்படி ஏற மாட்டேங்கிறீங்க. தரையோட தரையா இருக்கிற இந்தக் காருக்குள்ள எப்படி இறங்குவீங்க?"

"இறங்கிடுவேன். வெளிய வர்றதுக்குத்தான் ரெண்டு பேர் வேணும்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கூப்பேயை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பட்டப்பகலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, நடுச்சாலையில், இருபது கிலோமீட்டர் வேகத்தில். பின்னால் பதினாறு வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன. "என்ன ஜனங்களோ, கொஞ்சம்கூட மரியாதை தெரியல" என்று டிரைவர் முணுமுணுத்தார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அவருக்குப் பழக்கமில்லை.

"சாரு யாருக்கு வண்டி ஓட்டினீங்க?" விற்பனையாளர் டையை நீவிக்கொண்டே கேட்டார். "பெரிய இடமா?"

"பெரிய இடம், சின்ன இடம் எல்லாந்தான். ரெண்டு மந்திரி ஏறியிருக்காங்க. நான் வந்தா போலீஸ்காரரே மத்த வண்டிய நிறுத்தி வழி விடுவாரு."

அதற்குப் பிறகு விற்பனையாளரின் குரலில் பணிவு ஒரு படி கூடியது.

"அப்போ உங்க கௌரவத்துக்குக் கூப்பேதான் சார் சரி. வெயில் படாது, மழை படாது. பக்கத்து சீட்டை முழுசா சாய்ச்சா, ஆறடி ஆள்கூடக் கால் நீட்டி நிம்மதியாப் படுத்துக்கிட்டு வரலாம்."

டிரைவர் சூடு பட்டவர் போலக் காரிலிருந்து கையை எடுத்தார். "படுக்கற பேச்சே வேண்டாம்!"

"அப்ப கன்வர்டிபிளே எடுத்துடுங்க!"

"தம்பி, நீங்க எதைத்தான் நல்லாருக்குன்னு சொல்றீங்க?"

"ரெண்டுமே உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்."

டிரைவர் மகளைப் பார்த்தார். "ரெண்டுமே வேண்டாம்" என்றாள் அவள்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். மூலை சோபாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக எது கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பதோடு சரி.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஓட்டிய வண்டியில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஒருமுறை அடைமழையில் பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றாள். ஆசையாகப் பக்கத்தில் போய் நிறுத்தினார். நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் நாலடி நகர்ந்தார்கள். அவள் ஐந்தடி நகர்ந்தாள். "நீங்க போங்க, நான் பஸ்ல வர்றேன்" என்றாள், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தக் கார். ஓய்வு பெற்றதும் அவள் ஏறுகிற மாதிரி ஒன்று வாங்கியே தீருவது. அவள் ஏறாவிட்டால் அந்த இரண்டாவது சீட் எதற்கு?

முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"இந்தாம்மா, இன்னிக்கு 'உங்க இஷ்டம்' எல்லாம் செல்லாது. ஊர் சிரிக்கும், மக திட்டுவா, அதையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஏறுவியா, மாட்டியா? ஏறுவேன்னா எதுல? மூடினதா, திறந்ததா? நேரா பதில் சொல்லு."

மனைவி எழுந்தாள். கூப்பேயை ஒரு பார்வை பார்த்தாள். கன்வர்டிபிளின் கதவைத் தானே திறந்து, பக்கத்து சீட்டில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள்.

"திறந்ததுதான்! முப்பது வருஷம் அமரர் ஊர்தி ஓட்டின மனுஷன் நீங்க. மூடின கார்ல உங்ககூடப் போனா, பின்னாடியே நாலு பேர் மலர்வளையத்தோட வந்துடுவாங்க. கூரையை இறக்குங்க, ஊருக்குள்ள ரெண்டு சுத்து சுத்தி வருவோம். உங்க வண்டியில ஏறின ஒருத்தி, உயிரோட உக்காந்து வர்றதை எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்!"