அந்த ஒற்றை ஓட்டு

கொலராடோ மலைகளில் மறுபடி ஓநாய்களை விடலாமா என்று மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு நடந்தது. எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ அறுபத்து மூன்று. ‘வேண்டும்’ ஒன்றே ஒன்று.

நகரத்துக்காரர்கள் ஓட்டில் ஓநாய்கள் வந்துவிட்டன. என் கணவர் வெர்னனோ இன்னும் அந்த ஒற்றை ஓட்டைத்தான் தேடுகிறார்.

“நெல்டா, அந்த மாட்டு டாக்டர்தான்! கன்னு கடிபட்டா அவனுக்குத்தானே வருமானம்?”

“ஓநாய் கடிச்சு மிச்சம் வச்சாத்தானே வைத்தியம்?”

“அப்போ அந்த டீச்சர். நேத்து என்னைப் பார்த்துச் சிரிச்சா.”

“உன் தொப்பியைப் பார்த்திருப்பா.”

“விளையாடாதே! நம்ம கன்னு ரெண்டு போச்சு. யாருன்னு மட்டும் தெரியட்டும், சாகற வரைக்கும் அந்த மூஞ்சியில முழிக்க மாட்டேன்!”

போன் அடித்தது. பார் நடத்தும் கஸ்.

“எல்லாரும் கூடியிருக்காங்களாம், கூப்பிடறான்” என்றார் வெர்னன்.

“போயிட்டு வாயேன்.”

“எப்படிப் போறது? லைசென்ஸைத்தான் பிடுங்கிட்டானுங்களே! திரும்பும்போது இருட்டிடும். காட்டு வழியில மூணு மைல், ஓநாய் திரியற இடத்துல நடக்கச் சொல்றியா?”

பூட்ஸைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கட்டுடன் என் எதிரே உட்கார்ந்தார்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி லைசென்ஸ் போன பிறகும், தினமும் நடந்தே பாருக்குப் போய், விடியும்போது தள்ளாடி வந்த மனிதர். ஓநாய்கள் வந்த நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூட வாசல் தாண்டவில்லை.

கன்றுகளை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் மறுபடி ஓட்டுப் போடச் சொன்னாலும், ‘வேண்டும்’ என்றுதான் போடுவேன்.