மூக்கியின் கடைசிச் சீட்டு

நரம்பியல் வகுப்பில் சீட்டாட்டம். சீட்டைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்து, அதிலுள்ள கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் புளுகலாம். புளுகைப் பிடித்தால் சொன்னவர் அவுட். பதில் சரியாக இருந்தால் பிடித்தவர் அவுட்.

மூன்று வாரமாக முதலில் மாட்டியது 'மூக்கி'தான். புளுகும்போதெல்லாம் மூக்கைச் சொறிவாள். வகுப்புக்கே தெரியும்.

இன்று ஜெயிப்பவர் கல்லூரி சார்பாகப் போட்டிக்குப் போவார். அதிசயமாக, மூக்கி ஒருமுறைகூடச் சொறியவில்லை. யாரும் அவளைப் பிடிக்கவில்லை. கடைசியில் அவளும் வகுப்பு லீடரும் மட்டும்.

கடைசிச் சீட்டைக் கவிழ்த்தவள் மூக்கைச் சொறிந்தாள்.

"ரெண்டு விஷயம் திரும்பத் திரும்பச் சேர்ந்தே நடந்தா, மூளை அதை முடிச்சுப் போட்டுக்கும். அப்புறம் ஒண்ணைப் பார்த்தாலே இன்னொண்ணும் நடக்குதுன்னு நம்பிடும்."

"புளுகு!" லீடர் துள்ளினான். "மூக்கைப் பாருங்க மேடம்!"

மேடம் சீட்டைத் திருப்பினார். "பதில் சரிப்பா. நீ அவுட்."

வகுப்பு வாயைப் பிளந்தது.

"அப்புறம் எதுக்கு மூக்கைச் சொறிஞ்சே?"

"மூணு வாரமா பதில் தெரிஞ்சே தப்பா சொன்னேன், சொறிஞ்சேன். உன் மூளை முடிச்சுப் போட்டுக்கிச்சு."

கைதட்டல் ஓயவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றான் லீடர், மூக்கைச் சொறிந்தபடி.