சுத்தமான கோப்பு

ஆன்டிவைரஸ் மென்பொருள்களுக்கு வைக்கப்படும் சோதனை நியாயமானதுதானா என்று பார்த்துச் சொல்வது செபஸ்தியானின் வேலை. இந்த முறை ஆயிரம் வைரஸ்களுக்கு நடுவே, யாருக்கும் சொல்லாமல், சுத்தமான கோப்பு ஒன்றைப் போட்டு வைத்தார். அது தங்கை பெல்சியாவுக்கு எழுதி, அனுப்பாமலே விட்ட கடிதம். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் வளையல் காணாமல் போனபோது வீட்டில் எல்லோரும் பெல்சியாவைக் கைகாட்ட, "எல்லாருமா பொய் சொல்வாங்க?" என்று அவளிடமே கேட்டிருந்தார். அதற்கான மன்னிப்பு.

முதல் நாள், சோதனைக்கு வந்த ஏழு மென்பொருள்களில் ஒன்றே ஒன்று அந்தக் கடிதத்தை வைரஸ் என்றது. வைரஸ்களோடு கிடந்ததால் சந்தேகப்பட்டிருக்கலாம். அந்த வைரஸுக்கென்று அது வைத்த பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மற்ற ஆறும் அதே பெயரைச் சொல்லின. ஆறிலும் அந்த எழுத்து இல்லை. பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியிருக்கின்றன, சோதனை செல்லாது என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார். எழுதிய கையோடு கடிதத்தைத் தங்கைக்கும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் பெல்சியா போன் செய்தாள்.

"என்னண்ணே அனுப்பியிருக்க? தொறக்க முடியல. வைரஸ்னு சொல்லுது."

"அதுல ஒண்ணும் இல்லம்மா. நான் எழுதுன லெட்டர்தான். என்னைய நம்பு."

"ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் பாத்துட்டேன். அங்கயும் அதேதான்."

பிறகு அவளே கேட்டாள்:

"எல்லாமுமா பொய் சொல்லும், அண்ணே?"